பிளாக் டை விருந்துக்குப் போகும் வேலைகள் எவை?

முதல்முறை அப்படியொரு அழைப்பு எனக்கு வந்தபோது, அட்டையின் கீழ் மூலையில் ‘பிளாக் டை’ என்று இரண்டே சொல் அச்சாகியிருந்தது. கறுப்பு டைதானே என்று பீரோவைத் திறந்து, அலுவலகத்துக்குக் கட்டும் நீளமான கறுப்பு டையையும் சாம்பல் நிற சூட்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மண்டப வாசலில் நண்பருக்காக நின்றுகொண்டிருந்தபோது, காரிலிருந்து இறங்கிய ஒருவர் தன் மேல்கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லி உள்ளே போய்விட்டார். கோட்டு வாங்கி வைக்கும் ஆள் என்று நினைத்திருக்கிறார். அவர்மேல் தப்பே இல்லை. வந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி உடுத்தியிருந்தார்கள்; நானும் வாசல் ஊழியர்களும்தான் வேறு மாதிரி. கோட்டை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்து, டோக்கனை வாங்கி, அவரைத் தேடிப் பிடித்து ஒப்படைத்தேன். சாப்பாடு முடியும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். “இந்த மாதிரி விருந்துக்கெல்லாம் கூப்பிடுகிற வேலை எது?” என்று கேட்பவர்களுக்கும், அப்படி ஒரு வேலையில் சேர்ந்து முதல் அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கும் இது உதவலாம்.

முதலில் உடை

பெயர் டையைச் சொன்னாலும், பிளாக் டை என்பது ஒரு முழு உடுப்பு. கழுத்தில் கட்டுவது பட்டாம்பூச்சி போல இருபுறமும் விரிந்து நிற்கும் போ டை. மேலே டின்னர் ஜாக்கெட்; அமெரிக்காவில் அதற்கு டக்ஸிடோ என்று பெயர். சாதாரண கோட்டிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது காலர் மடிப்பு. அந்த மடிப்பின்மேல் மட்டும் பட்டுத் துணி வைத்துத் தைத்திருப்பார்கள், விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். கால்சட்டையின் இரு பக்கவாட்டிலும் அதே பட்டில் ஒரு நாடா இறங்கும். பெல்ட் கிடையாது, பெல்ட் கோக்கும் வளையமும் கிடையாது. வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் கஃப்லிங்க், காலில் கண்ணாடிபோல் மின்னும் கறுப்பு ஷூ. ஜாக்கெட் கறுப்பாக இருக்கலாம், அல்லது நள்ளிரவு நீலம் என்று சொல்லும் ஆழ்ந்த கருநீலமாக இருக்கலாம். மின்விளக்கில் கறுப்புத் துணி கொஞ்சம் வெளிறித் தெரியும், கருநீலம் அதைவிடக் கறுப்பாகத் தெரியும். தையல்காரர்கள் அதைச் சிபாரிசு செய்வது இதனால்தான்.

இடுப்பில் அகலமாகச் சுற்றும் பட்டைக்கு கமர்பண்ட் என்று பெயர். இது மேற்கிலிருந்து வந்த சொல்லே அல்ல. பாரசீகத்தில் கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் வெயிலில் வெயிஸ்ட்கோட் போட முடியாமல் இந்தப் பட்டைக்கு மாறினார்கள், பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்கும்படி கட்ட வேண்டும். தலைகீழாகக் கட்டுபவர்கள் எல்லா விருந்திலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

பெண்களுக்கு இவ்வளவு கறார் இல்லை. தரையைத் தொடும் நீள கவுன் என்பது பொது வழக்கம். கொஞ்சம் தளர்வான இடங்களில் முழங்கால் வரையிலான நல்ல உடையும் போகும். பல அழைப்புகளில் ‘அல்லது தேசிய உடை’ என்றும் ஒரு வரி இருக்கும். அது இருந்தால் புடவை, கிமோனோ, ஸ்காட்லாந்துக் கில்ட் எல்லாமே சரி.

இதற்கு ஒரு படி மேலே ஒயிட் டை: பின்னால் வால்போல் இரண்டாகத் தொங்கும் டெயில்கோட்டும் வெள்ளை போ டையும். ஒரு படி கீழே லவுஞ்ச் சூட், அதாவது சாதாரண கோட்டு சூட்டு. இந்த ஏணியில் பிளாக் டை நடுப்படி. அது பிறந்த கதையைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். 1865-ல் வேல்ஸ் இளவரசராக இருந்த எட்வர்ட், கிராமத்து மாளிகையில் வால்கோட்டு இல்லாமல் வசதியாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக லண்டன் சாவில் ரோவில் இருந்த ஹென்றி பூல் கடையில் ஒரு குட்டை ஜாக்கெட் தைத்துக்கொண்டார் என்கிறது அந்தக் கடையின் வரலாறு. 1886 வாக்கில் நியூயார்க் அருகே டக்ஸிடோ பார்க் என்ற இடத்துக் கிளப்பில் அதே ஜாக்கெட் தலைகாட்டி, ஊரின் பெயரே உடைக்கு ஒட்டிக்கொண்டது. ஆக, இன்றைக்கு நாம் விறைத்துக்கொண்டு அணியும் இந்த உடை அந்தக் காலத்தில் ‘சும்மா வீட்டில் போடுவது’.

கூப்பிடுவது யார்?

சம்பளத்துக்கும் இந்த விருந்துக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. கொழுத்த சம்பளம் வாங்கும் மென்பொருள் பொறியாளர் ஒருமுறைகூடப் போ டை கட்டாமலே ஓய்வுபெறலாம். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர் வருடத்தில் நாலு முறை கட்டலாம். எனவே வேலையின் அந்தஸ்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். யார் கூப்பிடுகிறார்கள், எதற்காகச் செலவழிக்கிறார்கள் என்று பாருங்கள். சேர்ந்து சாப்பிடுவதால்தான் நாம் ஒரே கூட்டம் என்று நினைக்கும் தொழில்கள் உண்டு. பரிசு கொடுக்கக் கூப்பிடும் துறைகள் உண்டு. பணம் திரட்டக் கூப்பிடும் அமைப்புகள் உண்டு. போ டை கட்டுவதே வேலையாக இருப்பவர்களும் உண்டு. முதல் வகைதான் பழையது, சுவாரஸ்யமானதும் அதுதான்.

மெஸ்ஸும் மேசையும்

மெஸ் என்றதும் மாதக் கணக்கில் சாப்பிடும் இடம்தான் நினைவுக்கு வரும். ராணுவத்தில் அது அதிகாரிகளின் பொதுவீடு மாதிரி. பிரிட்டிஷ் மரபில் வந்த படைகளில் ‘டின்னர் நைட்’ என்று குறிப்பிட்ட இரவுகளில் எல்லோரும் மெஸ் உடையில் வந்து உட்காருவார்கள். இடுப்போடு நிற்கும் குட்டை ஜாக்கெட், மார்பில் சிறிய அளவில் செய்த பதக்கங்கள். நிறமும் வேலைப்பாடும் ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் மாறும். வெளியிலிருந்து வரும் விருந்தாளி அதற்கு ஈடாகப் பிளாக் டையில் வர வேண்டும். மேசைத் தலைமாட்டில் மெஸ் தலைவர். மறுமுனையில் ‘மிஸ்டர் வைஸ்’ என்று அழைக்கப்படும் துணைத் தலைவர், பெரும்பாலும் இளைய அதிகாரி ஒருவர். சாப்பாடு முடிந்ததும் போர்ட் ஒயின் ஜாடி மேசையைச் சுற்றி வரும், எப்போதும் இடப்பக்கமாகவே. பிறகு, பிரிட்டனில் என்றால், மன்னருக்கு வாழ்த்து. எல்லோரும் எழுந்து நின்று கோப்பையை உயர்த்துவார்கள், கடற்படையைத் தவிர. ராயல் நேவிக்காரர்கள் உட்கார்ந்தபடியே வாழ்த்துவார்கள். மரக்கப்பல் காலத்தில் தளத்தின் கூரை தாழ்வு, சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும் என்பதே காரணம் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அதே கடற்படை ஆண்டுதோறும் அக்டோபர் 21-ஐ ஒட்டி டிரஃபால்கர் இரவு கொண்டாடுகிறது. 1805-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் வென்று, வென்ற அன்றே இறந்த போர் அது. அவர் நினைவாக ஒரு வாழ்த்து மட்டும் முழு மௌனத்தில் நடக்கும். அதே விருந்தில் சாக்லெட்டில் செய்த போர்க்கப்பல்களை வரிசையாக ஏந்திக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஊர்வலமும் வருவார்கள். இரண்டும் ஒரே இரவில்!

அமெரிக்க மரீன் படையின் ஆண்டு விருந்து இன்னும் பரவலானது. 1775 நவம்பர் 10 தங்கள் பிறந்தநாள் என்று கணக்கு வைத்து, எங்கே பணியில் இருந்தாலும் கொண்டாடுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அதிகாரிகள் மட்டுமல்ல, கடைநிலை வீரர்களும் சீருடையில் துணையோடு வருவார்கள். கேக்கை வாளால் வெட்டுவார்கள். முதல் துண்டு சிறப்பு விருந்தினருக்கு. அடுத்தது அங்கிருப்பவர்களில் வயதில் மூத்த மரீனுக்கு. அவர் அதை வயதில் மிக இளையவருக்குக் கொடுப்பார். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், தாத்தா வயதுள்ளவர் கையிலிருந்து கேக் வாங்கும் அந்த நொடிக்காகத்தான் மற்ற ஏற்பாடு எல்லாம் என்று தோன்றும்.

அமெரிக்கப் படைகளின் விருந்துகளில் வாசலுக்கு அருகே ஒரு சின்ன வட்ட மேசையும் பார்க்கலாம். வெள்ளை விரிப்பு, ஒற்றை ரோஜா, தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டு, கொஞ்சம் உப்பு, கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கோப்பை, ஒரு மெழுகுவர்த்தி, காலி நாற்காலி. போரில் காணாமல் போனவர்களுக்கும் சிறைப்பட்டவர்களுக்கும் போட்ட இலை அது. எலுமிச்சை அவர்களுடைய விதியின் கசப்புக்கு, உப்பு காத்திருக்கும் குடும்பத்தின் கண்ணீருக்கு. யாரும் அதில் உட்காரமாட்டார்கள்.

ஆக, வேலையோடு கூடவே இந்த மாதிரி இரவுகள் நிச்சயம் வேண்டும் என்றால் படைப்பணிக்கு நிகராக வேறொன்றைச் சொல்வது கஷ்டம். ஒரு விஷயம்: மெஸ் செலவு சும்மா வருவதில்லை. மாத முடிவில் பில் வரும், சில விருந்துகளுக்குப் போகாமல் இருக்கவும் முடியாது.

வக்கீல்கள், டாக்ஸி ஓட்டுநர்கள், மிட்டாய்க்காரர்கள்

இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் லண்டனில் ‘இன்’ எனப்படும் நான்கு வக்கீல் சங்கங்களில் ஒன்றில் சேர வேண்டும்: லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன். பரீட்சை எழுதினால் மட்டும் போதாது, அந்த மண்டபத்தில் வந்து சாப்பிடவும் வேண்டும் என்பது பல நூற்றாண்டுப் பழக்கம். 1888-ல் இன்னர் டெம்பிளில் சேர்ந்த காந்தி இதைப் பற்றித் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு பருவங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஆறு விருந்துக்கு வந்தாக வேண்டும். நாலு நாலு பேராக உட்கார வைத்து, ஒவ்வொரு நாலு பேருக்கும் இரண்டு பாட்டில் ஒயின் கொடுப்பார்கள். காந்தி குடிக்கமாட்டார். அவர் சேர்ந்தால் மற்ற மூவருக்கு இரண்டு பாட்டில்! அதனால் தங்கள் நாலு பேரில் ஒருவராக அவர் வர வேண்டும் என்று எப்போதும் கிராக்கி. ‘கிராண்ட் நைட்’ எனப்படும் பெரிய விருந்துகளில் ஷாம்பெயினும் உண்டு என்பதால் அன்றைக்கு அழைப்பு இன்னும் பலமாக இருந்ததாம்.

சாப்பாட்டுக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று காந்திக்கே அப்போது புரியவில்லை. அந்தக் காலத்தில் மாணவர்கள் குறைவு, மூத்த வக்கீல்களோடு பேசிப் பழகியே தொழில் படிந்தது. கூட்டம் பெருகிய பிறகு சாப்பாடு மட்டும் மிஞ்சியது. இன்றும் மாணவர்கள் இன்னில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அமர்வுகளுக்கு வர வேண்டும், பலவற்றில் விருந்தோடு சொற்பொழிவும் வாதப் பயிற்சியும் சேர்ந்திருக்கும். சாதாரண நாளில் கருநிற சூட்டின்மேல் அங்கி.

லண்டன் நகரத்தின் லிவரி கம்பெனிகள் இன்னும் பழையவை. துணி வியாபாரி, மீன் வியாபாரி, பொற்கொல்லர் என்று தொழிலுக்கு ஒரு சங்கமாகத் தொடங்கியவை, இப்போது 110-க்கு மேல் இருக்கின்றன. தையற்காரர்களின் சங்கத்துக்கும் ரோமத்தோல் (ஃபர்) வியாபாரிகளின் சங்கத்துக்கும் வரிசையில் ஆறாம் இடம் யாருக்கு என்று சண்டை வந்தபோது, 1484-ல் மேயர் தீர்ப்புச் சொன்னார்: வருடத்துக்கு ஒருவர் மாறி மாறி ஆறாம் இடத்திலும் ஏழாம் இடத்திலும் நில்லுங்கள், வருடாவருடம் ஒருவரை ஒருவர் விருந்துக்குக் கூப்பிடுங்கள். கைகலப்புக்குச் சாப்பாடுதான் மருந்து என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

பழைய தொழில்களோடு அது நின்றுவிடவில்லை. தகவல் தொழில்நுட்பத் துறையினரின் சங்கம் 1992-ல் நூறாவது லிவரி கம்பெனி ஆனது. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் ஒன்று உண்டு. பகலில் டாக்ஸி ஓட்டுபவர் இரவில் போ டை கட்டிக்கொண்டு தன் சங்கத்து விருந்தில் உட்காரலாம்.

அந்த விருந்துகளில் ‘லவிங் கப்’ என்றொரு சடங்கு இருக்கிறது. இரண்டு கைப்பிடியும் மூடியும் உள்ள பெரிய கோப்பை மேசையைச் சுற்றி வரும். உங்கள் முறை வந்தால் எழுந்து பக்கத்தவரைப் பார்த்துத் தலை குனிய வேண்டும். அவர் வலது கையால் மூடியைத் தூக்கிப் பிடிப்பார், நீங்கள் இரு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடிப்பீர்கள். உங்களுக்கு மறுபுறம் இருப்பவர் எழுந்து, உங்கள் முதுகோடு முதுகு வைத்து, வெளியே பார்த்தபடி நிற்பார். குடிக்கும்போது முதுகில் கத்தி இறங்காமல் காப்பதற்கு! மூடியைப் பிடித்திருப்பவரின் வலது கையும், அதாவது கத்தி பிடிக்கும் கையும், அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். பத்தாம் நூற்றாண்டில் குடித்துக்கொண்டிருக்கும்போதே குத்திக் கொல்லப்பட்ட எட்வர்ட் மன்னரின் கதையை இதற்கு மூலமாகச் சொல்வார்கள். பிறகு உதடு பட்ட இடத்தைத் துணியால் துடைத்து அடுத்தவருக்கு. முதல்முறை செய்பவர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் சுழல்வது வழக்கம், பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார்.

தொழிலுக்கொரு விருந்து என்பதை வியன்னா நகரம் நடனமாகவே ஆக்கிவிட்டது. அங்கே குளிர்காலத்தில் 400-க்கு மேல் பால் எனப்படும் நடன விருந்துகள் நடக்கின்றன. மருத்துவர்களுக்கு ஒன்று, வக்கீல்களுக்கு ஒன்று, வேட்டைக்காரர்களுக்கு ஒன்று, காபிக் கடைக்காரர்களுக்கு ஒன்று, கேக்கும் மிட்டாயும் செய்பவர்களுக்கு ஒன்று. காபிக் கடைக்காரர்களின் பால் நடப்பது பேரரசர்கள் வாழ்ந்த ஹோஃப்பர்க் அரண்மனையில். ஆண்களுக்கு டக்ஸிடோ அல்லது டெயில்கோட்டு, பெண்களுக்குத் தரைவரை கவுன். இளைஞர்கள் ஜோடி ஜோடியாக வந்து தொடங்கி வைத்த பிறகு “அல்லஸ் வால்ட்ஸர்!” என்று ஒரு குரல் வரும். எல்லோரும் வால்ட்ஸ் ஆடலாம் என்று அர்த்தம். டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம் என்பதால், இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் வேலையே மாற்றாமல் போய்ப் பார்க்கக்கூடியது இதுதான்.

பல்கலைக்கழகங்களை விட்டுவிடக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஆசிரியர்கள் மேடைமேல் உள்ள ‘ஹை டேபிளில்’ அங்கியோடு சாப்பிடுவது வாராந்தர வேலை. கேம்பிரிட்ஜின் ‘மே பால்’ ஜூனில் நடக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. விஞ்ஞானிகளுக்கு உச்சம் ஸ்டாக்ஹோம் நகர மண்டபத்தில் டிசம்பர் 10 அன்று நடக்கும் நோபல் விருந்து. 1901-ல் 113 பேரோடு தொடங்கியது, இப்போது சுமார் 1,300 பேர், ஒயிட் டை. அழைப்பு வாங்கும் வழி கொஞ்சம் கடினம்.

விருது இரவு

சாமானிய அலுவலகத்தில் இருப்பவருக்கு அதிகம் வாய்ப்புள்ளது இந்த வகை. ஆஸ்கரே ஒரு சாப்பாட்டு மேசையில்தான் தொடங்கியது. 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் சுமார் 270 பேர் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார்கள், பரிசளிப்பு கால் மணி நேரத்தில் முடிந்தது. இன்று காப்பீடு, கட்டுமானம், கணக்கியல், விளம்பரம், பதிப்பு, தளவாடப் போக்குவரத்து என்று துறைக்கு ஒரு விருது இரவு இருக்கிறது. லண்டனில் இவற்றில் பல நடக்கும் இடம் குரோவ்னர் ஹவுஸ் ஹோட்டலின் கிரேட் ரூம். ஒரு காலத்தில் அது ஐஸ் ஸ்கேட்டிங் தளம். சிறுமியாக இருந்த இரண்டாம் எலிசபெத் ஸ்கேட்டிங் பழகியது அங்கேதான். இப்போது 2,000 பேர் வரை உட்காருவார்கள்.

இந்த இரவுகளின் பொருளாதாரம் தெரிந்தால் மரியாதை கொஞ்சம் குறையலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் வாங்குவார்கள். இறுதிப் பட்டியலில் பத்துப் பேர் வந்துவிட்டால், மேடையேறும் வாய்ப்பு இருக்கிறதே என்று பத்து நிறுவனமும் பத்துப் பேர் உட்காரும் மேசையை மொத்தமாக வாங்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விளம்பரதாரர். நடத்துபவர் லாபம் பார்ப்பது மேசையில்தான், கோப்பையில் இல்லை. ஆனால் உங்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. மேசை வாங்கிய கம்பெனிக்குப் பத்து நாற்காலியை நிரப்ப வேண்டும். வாடிக்கையாளர் நாலு பேர், மேலதிகாரிகள் இரண்டு மூன்று பேர் போக, மிச்சம் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு. விற்பனை, வாடிக்கையாளர் உறவு, மக்கள் தொடர்பு ஆகிய பிரிவுகளில் இருப்பவர்களுக்கு அழைப்பு அடிக்கடி வருவது இதனால்தான்.

கம்பெனி தன் ஊழியர்களுக்கே நடத்தும் வருடாந்தர விருந்து தனி. பிரிட்டனில் அப்படிப்பட்ட விருந்துக்கு ஆண்டுக்கு ஒரு ஆளுக்கு 150 பவுண்டுவரை செலவானால் ஊழியர் வரி கட்ட வேண்டியதில்லை. ஒரு பவுண்டு தாண்டினாலும் முழுத் தொகைக்கும் வரி என்பதால், கணக்குப் பிரிவுக்காரர்தான் எத்தனை வகைச் சாப்பாடு என்பதைத் தீர்மானிப்பார்.

பத்திரிகையாளர்களுக்கு உலகப் பிரசித்தமானது வெள்ளை மாளிகை நிருபர்களின் விருந்து. 1921-ல் தொடங்கியது. 1924-ல் கூலிட்ஜ், அதற்குப் போன முதல் அமெரிக்க அதிபர். அங்கே நிருபர்களாக இருந்த பெண்களுக்கே 1962 வரை அனுமதி கிடையாது. பெண்களை விடவில்லை என்றால் அதிபர் வரக் கூடாது என்று நிருபர் ஹெலன் தாமஸ் வற்புறுத்த, கென்னடியும் அப்படியே சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. சேர்ந்து சாப்பிடுவதால் ஒரு கூட்டம் உருவாகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? யாரைச் சேர்க்காமல் சாப்பிட்டார்கள் என்பதும் அதே கதையின் பாதிதான்.

உடையை மறுப்பதும் ஒரு செய்தியாகும். 1997-ல் பிரிட்டனின் நிதியமைச்சரான கார்டன் பிரவுன், லண்டன் வங்கியாளர்கள் கூடும் மேன்ஷன் ஹவுஸ் விருந்துக்குச் சாதாரண சூட்டில் வந்து பேசினார். அன்றைக்கு அவர் பேசியதைவிட உடுத்தியது அதிகம் பேசப்பட்டது. அமைச்சருக்கு அது நிலைப்பாடு. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆனவர் செய்தால் மறதி என்றுதான் நினைப்பார்கள்.

நன்கொடைக்கு ஒரு விருந்து

அருங்காட்சியகம், மருத்துவமனை அறக்கட்டளை, பல்கலைக்கழகம், ஓபரா இவற்றில் நிதி திரட்டும் பிரிவு என்று ஒன்று இருக்கும். அவர்களின் வருடமே ‘கலா’ (gala) எனப்படும் ஒரு பெரிய விருந்து இரவைச் சுற்றித்தான் சுழலும். நியூயார்க்கின் மெட் கலாவும் 1948-ல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் ஆடைப் பிரிவுக்கு நிதி திரட்டத் தொடங்கியதுதான். வழி ஒன்றேதான்: மேசைகளை விற்பது, ஓரமாக அட்டையில் தொகை எழுதிவைக்கும் மௌன ஏலம், சாப்பாட்டுக்கு நடுவே மேடையில் சத்தமான ஏலம், கடைசியில் எண் அட்டையைத் தூக்கி நேரடியாக நன்கொடை சொல்வது. இந்தப் பிரிவில் வேலை பார்த்தால் வருடத்துக்குப் பல முறை நல்ல உடையில் நல்ல மண்டபத்தில் இருப்பீர்கள். சாப்பிட நேரம் இருக்காது. யார் எந்த மேசை, எந்தக் கொடையாளர் யாரோடு பேசுவதில்லை, எவருக்குக் கொட்டைப் பருப்பு ஒவ்வாது என்பதெல்லாம் உங்கள் தலையில். இரவு பதினொன்றரைக்குச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு மிஞ்சிய ரொட்டியைக் கடிக்கும் அழகான கவுன்காரர்தான் பெரும்பாலும் நிகழ்ச்சியின் பொறுப்பாளர்.

தினம் கட்டுபவர்கள்

போ டையை உலகத்தில் அதிகம் கட்டுபவர் விருந்தாளி இல்லை. பரிமாறுபவர், ஒயின் பரிமாறும் சொமலியே, இசைக்குழுவில் வயலின் வாசிப்பவர், சூதாட்டக் கூடத்தில் சீட்டுப் போடுபவர். இவர்களோடு விருந்தாளியைக் குழப்பிக்கொள்வது நூறு வருடத் தொல்லை. பிரிட்டிஷ் விருந்துகளில் பெயர் கூவி அழைக்கும் டோஸ்ட்மாஸ்டர் பளிச்சென்ற சிவப்புக் கோட்டு போடுவதே தன்னை யாரும் பரிமாறுபவர் என்று நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான். (என் கதையைக் கேட்டால் அவர் அனுதாபப்படுவார்.) கப்பல் வேலையும் இந்த வகைதான். கியூனார்டு போன்ற நிறுவனங்களின் பயணக் கப்பல்களில் கலா இரவுகளில் பயணிகள் பிளாக் டையில் வருவார்கள், கப்பல் அதிகாரிகள் மெஸ் உடையில் கலந்து பேசுவார்கள். தனியாக வரும் பயணிகளோடு ஆடுவதற்கென்றே நடனத் துணைவர்களையும் வைத்திருக்கிறார்கள். தூதரகப் பணியில் இருப்பவர்களுக்கு விருந்து என்பது மாலை ஷிப்ட். காதில் விழுந்ததை மறுநாள் குறிப்பாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

அழைப்பு வந்துவிட்டால்

அட்டையை நிதானமாகப் படியுங்கள். ‘7 ஃபார் 7.30’ என்றால் ஏழு மணிக்குக் கதவு திறக்கும், பானம் கொடுப்பார்கள், ஏழரைக்கு உட்கார வேண்டும். ஏழு இருபதுக்கு வருவது சரி, ஏழு நாற்பதுக்கு வந்தால் எல்லோரும் சூப்பைப் பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் நாற்காலி தேடுவீர்கள். ‘டெக்கரேஷன்ஸ்’ என்று இருந்தால் பதக்கம் உள்ளவர்கள் அணியலாம் என்று பொருள், அலங்காரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வருகிறேனா இல்லையா என்று பதில் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுங்கள், துணையோடு வரலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறைதான் என்றால் உடையை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். மூன்றாவது முறையும் எடுக்க நேர்ந்தால் வாங்கிவிடலாம். பத்து வருடம் ஆனாலும் மாடல் மாறாத ஒரே உடுப்பு இது, மாறுவது இடுப்புதான். போ டை கட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஷூ லேஸ் கட்டும் அதே முடிச்சு. கண்ணாடி முன் நின்றால் இடம் வலம் குழம்பும் என்பதால், முதலில் உட்கார்ந்து தொடையைச் சுற்றிக் கட்டிப் பழகுங்கள்; தொடையின் கீழ்ப்பகுதியும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. இரண்டு பக்கமும் கொஞ்சம் ஏறுமாறாக இருந்தால் அப்படியே விடலாம். கையால் கட்டியது என்பதற்கு அதுதான் அடையாளம், கொக்கி மாட்டும் ரெடிமேட் டைதான் அச்சில் வார்த்ததுபோல் நிற்கும்.

குடிக்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. வாழ்த்துச் சொல்லும்போது தண்ணீரையோ பழச்சாற்றையோ உயர்த்தினால் போதும். உங்கள் இருபுறமும் இருப்பவர்களோடு முறைவைத்துப் பேசுங்கள். ஒருவரோடு மட்டும் பேசிக்கொண்டே இருந்தால் மற்றவர் முழு இரவும் உங்கள் முதுகைப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும்.

அட்டையின் கடைசி வரியில் ‘கேரேஜஸ் 12.30’ என்று பார்த்தால் குழம்பாதீர்கள். குதிரை வண்டிகள் வாசலுக்கு வரும் நேரம் என்று அந்தக் காலத்தில் எழுதியது, விருந்து அப்போது முடியும் என்பதை நாசூக்காகச் சொல்வது. உங்கள் வண்டிக்கு பன்னிரண்டே காலுக்கே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டரைக்கு நானூறு பேர் ஒரே வாசலில் நின்று, ஒரே மாதிரி கறுப்புக் கோட்டில், ஒரே மாதிரி டாக்ஸியைக் கை காட்டிக்கொண்டிருப்பார்கள்.